மாட்டு எரு மண்ணுக்குள் செய்யும் வேலை: கடலூர், புதுச்சேரி நிலங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சித்திரை வெயிலில் பண்ருட்டியிலிருந்து விருத்தாசலம் பக்கம் போனால் வழியெல்லாம் ஒரே காட்சிதான். அறுப்பு முடிந்த கொல்லைகளில் எரு குப்பல் குப்பலாகக் கொட்டிக் கிடக்கும். டிராக்டர் வந்த அன்று இறக்கியது, ஆடி மழை வரும் வரை அப்படியே காயும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மாடு வைத்திருப்பவர் வருஷம் முழுக்கச் சேர்த்தது, அல்லது காசு கொடுத்து வாங்கியது. அதில் அமோனியாவாக இருந்த தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி இரண்டு மூன்று நாளிலேயே காற்றோடு போய்விட்டிருக்கும்.

எனக்கு இருப்பது பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் கொல்லை. மணிலாவும் (நிலக்கடலை) கத்தரியும் வைக்கிறேன். மாமனார் வீட்டு நிலம் காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் பாசனத்துக் களிமண் கழனி. ஒரே மாட்டின் எரு இந்த இரண்டு மண்ணிலும் வேறு வேறு வேலை செய்வதைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். எருவை எவ்வளவு, எப்போது, எப்படிப் போடுவது என்பதை உங்கள் மண்ணின் வேதியியலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து நிலத்தைப் பார்த்துச் செய்தால் சரிவராது.

எருவில் என்ன இருக்கிறது

நன்கு மட்கிய தொழு உரத்தில் சராசரியாகத் தழைச்சத்து 0.5 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பேட்) 0.2 சதவீதம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) 0.5 சதவீதம் இருக்கும். ஏக்கருக்கு 5 டன் என்பது வேளாண் பல்கலைக்கழகம் பெரும்பாலான பயிர்களுக்குச் சொல்லும் அளவு, அதாவது எக்டேருக்கு 12.5 டன். இந்த 5 டன்னில் தழைச்சத்து 25 கிலோ, மணிச்சத்து 10 கிலோ, சாம்பல் சத்து 25 கிலோ வருகிறது. தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைக்கும். அது 8 கிலோ, யூரியாவாகப் பார்த்தால் 17 கிலோ. அரை மூட்டைகூட இல்லை.

இந்தக் கணக்கைக் கேட்ட பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருவர், "ஏம்பா, அரை மூட்டை யூரியாவுக்கா இத்தனை கூடை சுமக்கிற?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. மூட்டைக் கணக்கில் மட்டும் பார்த்தால் எரு லாபமில்லைதான். ஆனால் யூரியாவால் செய்ய முடியாத நான்கு வேலைகளை எரு மண்ணுக்குள் செய்கிறது.

முதல் வேலை, சத்தைப் பிடித்து வைப்பது. களிமண் துகளிலும் மட்கிலும் எதிர்மின் சுமை இருக்கிறது. அமோனியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் எல்லாம் நேர்மின் சுமை உள்ளவை, அதனால் அங்கே ஒட்டிக்கொள்ளும். வேர் கேட்கும்போது விடுபடும். இந்தப் பிடிமானத்தைத்தான் அயனிப் பரிமாற்றத் திறன் என்கிறார்கள். பண்ருட்டி, நெய்வேலி மேட்டுச் செம்மண் கடலூர் மணற்கல் என்று புவியியலில் பெயர் பெற்ற பாறையிலிருந்து வந்தது. மணல் அதிகம், இருக்கிற களிமண்ணும் பெரும்பாலும் கயோலினைட் வகை. கயோலினைட்டின் பரிமாற்றத் திறன் 3 முதல் 15 அலகு. நன்கு மட்கிய கரிமப் பொருளுக்கோ அது 200 அலகு அளவில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். செம்மண்ணில் நீங்கள் போடும் பொட்டாஷ் ஒரு மழையில் கீழே இறங்காமல் நிற்கிறதென்றால் அதில் பெரிய பங்கு மட்கினுடையது.

இரண்டாவது, மணிச்சத்தின் பூட்டைத் தளர்த்துவது. செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தரும் இரும்பு ஆக்சைடு, கூடவே அலுமினிய ஆக்சைடு, இரண்டும் பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். மணிச்சத்து உரமான டி.ஏ.பி. போட்டும் பயிர் தெளியவில்லை என்று சொல்பவர்கள் பலருடைய நிலத்தில் இதுதான் நடக்கிறது. எரு மட்கும்போது வரும் கரிம அமிலங்கள் அந்தப் பிடிக்கும் இடங்களில் தாங்கள் போய் உட்கார்ந்துகொள்ளும். பாஸ்பேட்டுக்குப் பயிர் எடுக்கும் நிலையில் இருக்க வாய்ப்புக் கிடைக்கும்.

மூன்றாவது, பி.எச். என்கிற கார அமில நிலையை நடுவுக்கு இழுப்பது. அமிலத் தன்மை உள்ள செம்மண்ணில் எரு பி.எச்-ஐச் சற்று உயர்த்தும். 5.5-க்குக் கீழே போன மண்ணில் கரைந்து வேரைச் சுடும் அலுமினியத்தையும் கட்டிப்போடும். காரத்தன்மை உள்ள மண்ணில் அதே எரு மட்கும்போது வெளிவரும் கரியமில வாயுவும் அமிலங்களும் பி.எச்-ஐச் சற்று இறக்கும். ஏறினாலும் இறங்கினாலும் மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். நிலை சற்று ஏறுமாறாகப் போனாலும் மண் சட்டென்று மாறிவிடாமல் தாங்கிக்கொள்ளும்.

நான்காவது, துத்தநாகம், இரும்பு, தாமிரம் போன்ற நுண்சத்துகளைக் கரிம மூலக்கூறுகள் இடுக்கி போலப் பிடித்துக் கரையும் நிலையில் வைத்திருப்பது.

முதல் படி: மண்ணைப் பரிசோதிப்பது

எரு வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஒரு நிலத்தில் 10 முதல் 15 இடங்களில், மேல் சருகை ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில வி வடிவில் மண்வெட்டியால் வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். வரப்போரம், மர நிழல், பழைய எருக்குப்பல் இருந்த இடம், வாய்க்கால் ஓரம் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, அரை கிலோ வரும் வரை குறையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். யூரியா சாக்கில் மட்டும் கட்டாதீர்கள், தழைச்சத்து அளவு பொய்யாகிவிடும்.

கடலூரில் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. விருத்தாசலத்திலும் புதுச்சேரி குருமாம்பேட்டிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. மண் பரிசோதனை முடிவு அட்டை வந்ததும் முதலில் கரிமச் சத்தைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேல் நல்ல நிலை. அப்புறம் பி.எச்., அப்புறம் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன். அது 1-க்குள் இருந்தால் கவலை இல்லை. இந்த மூன்று எண்ணும் தெரியாமல் எரு போடுவது இருட்டில் விதைப்பது மாதிரி.

இரண்டாம் படி: எருவைக் கெடாமல் சேர்ப்பது

நம் ஊரில் பெரும்பாலான சத்து நிலத்துக்கு வருவதற்கு முன்பே தொலைந்துவிடுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதியும், சாம்பல் சத்தில் பெரும்பகுதியும் கோமியத்தில்தான் இருக்கிறது. நாமோ சாணத்தை அள்ளிக்கொண்டு கோமியத்தைச் சாக்கடையில் விடுகிறோம். கொட்டகைத் தரையில் வைக்கோல், கரும்புச் சோகை, மணிலாக் கொடி என்று கிடைத்ததைப் பரப்பிக் கோமியத்தை ஊறவிட்டு மறுநாள் அள்ளுங்கள். கொட்டகைக்குள் மூக்கை எரிக்கும் நெடி வந்தால் உங்கள் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தரையில் சூப்பர் பாஸ்பேட்டையோ ஜிப்சத்தையோ ஒரு கைப்பிடி தூவினால் அமோனியா கட்டுப்படும்.

மாடு தின்பதும் எருவில் தெரியும். வைக்கோல் மட்டும் தின்கிற மாட்டின் சாணம் ஒரு ரகம், பிண்ணாக்கும் பசுந்தீவனமும் தின்கிற கறவை மாட்டின் சாணம் வேறு ரகம். விலைக்கு வாங்குபவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மேடாகக் குவிக்காமல் குழியில் சேர்ப்பதுதான் சரி. 20 அடி நீளம், 5 அல்லது 6 அடி அகலம், 3 அடி ஆழம் போதும். ஒரு முனையிலிருந்து நிரப்பிக்கொண்டே போய், தரைக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்ததும் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிட வேண்டும். நான்கைந்து மாதத்தில் எரு தயார். மேலே ஒரு கீற்றுப் பந்தல் போட்டால் வெயிலும் ஐப்பசி மழையும் உள்ளே போகாது. மழை கரைத்துக் கொண்டுபோகும் அந்தக் கறுப்புத் தண்ணீரில்தான் பொட்டாஷ் இருக்கிறது.

அடுப்புச் சாம்பலை எருக்குழியில் கொட்டும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. சாம்பல் காரம். புதுச் சாணத்தோடும் கோமியத்தோடும் சேர்ந்தால் அமோனியாவை வாயுவாக்கி வெளியே தள்ளிவிடும். சாம்பலைத் தனியாக வைத்திருந்து, அமிலத் தன்மையுள்ள செம்மண்ணுக்கு நேராகத் தூவுங்கள்.

குழி, குடிநீர்க் கிணற்றையும் போர்வெல்லையும் விட்டுத் தள்ளி, பள்ளமான பக்கத்தில் இருக்க வேண்டும். நைட்ரேட் எதிர்மின் சுமை உள்ளது, மண் அதைப் பிடிக்காது. மணற்பாங்கான நிலத்தில் நேராகத் தண்ணீருக்கு இறங்கிவிடும். குடிநீரில் நைட்ரேட்டுக்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான். பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் என்பதை மறந்துவிடக்கூடாது.

தென்னை இருக்கும் ஊர்களில் எருக்குழியில் காண்டாமிருக வண்டின் புழு வளரும். குழியைக் கிளறும்போதெல்லாம் பொறுக்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: மட்கிவிட்டதா என்று பார்ப்பது

ஒரு வருஷம் அவசரப்பட்டு, வைக்கோல் கலந்த அரைகுறை எருவைப் போட்டுக் கத்தரி நாற்று நட்டேன். பத்து நாளில் கொல்லை முழுக்க மஞ்சளடித்தது. நோய் என்று நினைத்து மருந்தும் அடித்தேன். நோயே இல்லை, தழைச்சத்துப் பஞ்சம்தான். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 80 பங்கு கரிமம் இருக்கிறது. அதைத் தின்னும் நுண்ணுயிர்களின் உடலில் இந்த விகிதம் 8-க்கு 1 போல. குறைகிற தழைச்சத்தை அவை மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்டன. என் கத்தரிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த நுண்ணுயிர்கள் செத்து மட்கியபோது செடி தானாகப் பச்சை திரும்பியது. ஆனால் முதல் காய்ப்பு போய்விட்டது.

கரிமத் தழைச்சத்து விகிதம் 20-க்குக் கீழே வந்த எருதான் நிலத்துக்கு ஏற்றது. 30-ஐத் தாண்டினால் மேலே சொன்ன கதைதான். ஆய்வகம் போகாமலே பார்க்கலாம். குப்பலின் நடுவில் இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுத்துத் தொடுங்கள், சூடாக இருந்தால் இன்னும் வேகிறது. ஒரு கைப்பிடி எருவை ஈரமாக்கிப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறங்கள். புளித்த வாடையோ அமோனியா நெடியோ வந்தால் ஆகவில்லை, மழை விழுந்த மண் வாசனை வந்தால் ஆகிவிட்டது. சந்தேகம் தீரவில்லையா? ஒரு தட்டில் எருவும் மண்ணும் சமமாகக் கலந்து பச்சைப்பயறு 20 விதை போட்டுப் பாருங்கள். வெறும் மண்ணில் முளைத்ததைவிடக் குறைந்தால் காத்திருங்கள்.

நான்காம் படி: அளவு

நம் பக்கம் காணிக் கணக்கு இன்னும் இருக்கிறது. ஒரு காணி 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். ஏக்கருக்கு 5 டன் என்றால் காணிக்கு 6.6 டன். "ஒரு லோடு" என்பதை நம்பாதீர்கள், ஈரத்தைப் பொறுத்து எடை பெரிதும் மாறும். ஒரு கூடை எருவை எடைபோட்டு, வண்டியிலிருந்து எத்தனை கூடை இறங்குகிறது என்று எண்ணினால் கணக்குத் தெளிவாகிவிடும்.

ஒரே வருஷத்தில் மண் மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு ஏக்கரின் மேல் 15 செ.மீ. மண் ஏறத்தாழ 900 டன் எடை. கரிமச் சத்து 0.1 சதவீதம் உயர வேண்டுமானால் 900 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும். 5 டன் எருவில் பாதி ஈரம் போக மொத்தமே 600 முதல் 800 கிலோ கரிமம்தான் இருக்கும். நம் வெயிலில் அதிலும் பெரும்பகுதி கரியமில வாயுவாகப் போய்விடும். அதனால் ஒரு வருஷம் 15 டன் கொட்டிவிட்டு அப்புறம் மறந்துவிடுவதைவிட, வருஷா வருஷம் அளவாகப் போடுவதே மேல். கோயம்புத்தூரில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உர ஆய்வு வயலில் எரு போட்ட பாத்தியையும் போடாத பாத்தியையும் நூறு வருஷத்துக்கும் மேலாக ஒப்பிட்டு வருகிறார்கள். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை எரு போட்டு நிறுத்திவிட்டார்கள். அந்த இருபது வருஷ எருவின் மிச்சம் நூறு வருஷம் கழித்தும் மண் பரிசோதனையில் தெரிந்தது. அது குளிர் நாடு, நம் மண்ணில் அவ்வளவு நிற்காது. ஆனாலும் விடாமல் போட்டவருக்கு மண் திருப்பித் தரும் என்பதற்கு எனக்குத் தெம்பு தருவது அந்த வயல்கள்தான்.

ஐந்தாம் படி: போடும் நாள்

இறக்கிய அன்றே சிதறி, அன்றே உழுது மூடிவிடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் மறுநாள் காலைக்குள்ளாவது. அதுவும் முடியாது என்றால் எரு வண்டியையே தள்ளிப்போடுங்கள். விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, மண்ணில் லேசான ஈரம் இருக்கும்போது, மாலை வேளையில் போடுவது நல்லது.

வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களில் மேலாகத் தூவாதீர்கள். மண்ணோடு சேராத எரு ஓடையில் இறங்கி ஏரிக்குப் போகும். அந்தப் பாஸ்பேட்டைத் தின்றுதான் ஆகாயத்தாமரை பரவுகிறது.

ஆறாம் படி: மண்ணுக்கு மண் மாற்றுவது

பண்ருட்டி, நெய்வேலி, ஆரோவில் பக்கத்துச் செம்மண். இங்கே எருவின் பலன் மிக அதிகம், அது கரைந்து தீருவதும் மிக வேகம். எரு கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் ஊட்டமேற்றிய தொழு உரம் செய்யுங்கள். ஏக்கருக்கு 300 கிலோ நன்கு மட்கிய எருவோடு அந்தப் பயிருக்கான சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் மூடி ஒரு மாதம் வைத்து விதைப்பின்போது சாலில் இடுங்கள். மணிச்சத்து இரும்பிடம் சிக்குவதற்கு முன்பே கரிமத்தோடு பழகிவிடுகிறது. எருவில் பொட்டாசியம் கணிசமாக இருப்பதால், மணிலாவில் காய் பிடிக்கும் மண்ணில் அது கால்சியத்தோடு போட்டி போடும். எரு போட்டதால் ஜிப்சம் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம், மண் அணைக்கும்போது, கட்டாயம்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் சாய்த்த முந்திரிக்கும் பலாவுக்கும் பதில் நட்ட கன்றுகள் இன்று வளர்ந்து நிற்கின்றன. முந்திரிக்கு நடவுக் குழியில் 10 கிலோ, வளர்ந்த மரத்துக்கு வருஷம் 50 கிலோ எரு. தண்டை ஒட்டி வேண்டாம், இலைக்கூரையின் ஓரம் விழும் இடத்தில் வட்டமாக வெட்டிப் போட்டு மூடுங்கள்.

காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், பாகூர் பக்கத்துக் களிமண் கழனி. இந்த மண்ணுக்குச் சத்தைப் பிடிக்கும் திறன் ஏற்கெனவே உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது காற்றில்லாத சேறு. பச்சைச் சாணத்தைச் சேற்றில் மிதித்தால் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, அதற்குப் பதில் இரும்பையும் சல்பேட்டையும் பயன்படுத்தத் தொடங்கும். அழுகிய முட்டை நாற்றம், கறுத்த வேர், வெண்கல நிற இலை எல்லாம் அதன் அடையாளம். மீத்தேனும் கூடுதலாக வெளியேறும். நன்கு மட்கிய எருவை மட்டும் முதல் உழவில் போடுங்கள். நாற்றம் தெரிந்தால் தண்ணீரை வடித்து மயிர்க்கோடு வெடிப்பு வரும் வரை காயவிடுங்கள். நெல்லில் துத்தநாகக் குறைபாடு வரும் நிலத்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் சொல்வார்கள். ஊட்டமேற்றிய எருவோ பசுந்தாள் உரமோ போட்ட நிலத்துக்கு 5 கிலோ போதும். டி.ஏ.பி.யோடு சேர்த்து மட்டும் தூவாதீர்கள்.

கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சேரிக் கடலோரம். 2004 சுனாமியில் கடல் நீர் ஏறிய நிலங்கள் இங்கே உண்டு. போர்வெல் தண்ணீரே உவர்ப்பாகிவிட்ட இடங்களும் உண்டு. இங்கே எரு தனியாக உவரைத் தீர்க்காது. எருவிலும் உப்பு இருக்கிறது, அளவுக்கு மீறினால் மின்கடத்து திறன் ஏறும். பி.எச். 8.5-ஐத் தாண்டியிருந்தால் ஆய்வகம் சொல்லும் அளவு ஜிப்சத்தை முதலில் போடுங்கள். கால்சியம் சோடியத்தைக் களிமண்ணிலிருந்து விடுவிக்கும், தேக்கிய மழைநீரை வடித்தால் அது வெளியேறும். பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுத பிறகு எரு போடுங்கள். அப்போதுதான் மண் கட்டி பிடித்து நீர் உள்ளே இறங்க வழி கிடைக்கும்.

ஏழாம் படி: மூட்டை உரத்தைக் குறைப்பது, மறுபடி சோதிப்பது

முதல் பருவத்தில் எருவின் தழைச்சத்தில் மூன்றில் ஒன்று, சாம்பல் சத்தில் முக்கால்வாசி கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 5 டன் போட்ட ஏக்கரில் 17 கிலோ யூரியாவும் 30 கிலோ பொட்டாஷ் உரமும் குறைக்கலாம். தழைச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் விளைச்சல் அடிபடும்.

மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, அதே நிலத்தில், அதே மாதத்தில், எரு போடுவதற்கு முன் மண் எடுங்கள். பழைய அட்டையைப் பக்கத்தில் வையுங்கள். கரிமச் சத்து நகர்ந்திருக்கிறதா, மின்கடத்து திறன் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதோடு மணிச்சத்தையும் பாருங்கள். பயிரின் தழைச்சத்துத் தேவைக்கு ஈடாக எருவைக் கொட்டினால் மணிச்சத்து தேவைக்கு மேல் சேர்ந்துகொண்டே போகும். எக்டேருக்கு 22 கிலோவைத் தாண்டியிருந்தால் எருவை அப்படியே வைத்துக்கொண்டு, அந்தப் பருவத்து டி.ஏ.பி.யைக் குறையுங்கள்.